ஏழாம் நாளின் பன்னிரண்டு ஸ்லைடுகள்

1

என் வலது கண்ணுக்குப் புது வில்லை வைத்து இன்றோடு ஓராண்டு. கல்யாண நாளை ஒருமுறைகூட ஒழுங்காக நினைவில் வைத்துக்கொள்ளாதவன் இந்த நாளை மட்டும் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்ததைப் பார்த்து, என் மனைவி தனம் காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும். இன்று எனக்கு எதுவும் உறைக்காது. அறுபத்தாறு வயதில் ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதுவும், எழுத உட்கார்ந்திருப்பது நான் செய்த ஓர் அயோக்கியத்தனத்தைப் பற்றி.

கிளாஸ்கோவில் கண்புரை எடுப்பது சுலபம். அதற்கு முன்னால் படிவம் நிரப்புவதுதான் பெரிய ஆபரேஷன். ‘சிகிச்சை முடிந்ததும் உங்களை வீட்டுக்கு அழைத்துச் செல்பவர் யார்?’ என்று மூன்று இடத்தில் கேட்டிருந்தார்கள். மூன்றிலும் தனத்தின் பெயரை எழுதினேன். ‘தேவைப்பட்டால் அவரால் உங்களைத் தாங்கிப் பிடிக்க முடியுமா?’ என்று இன்னொரு கேள்வி. தனம் எட்டிப் பார்த்துவிட்டு, “முப்பத்தெட்டு வருசமா அதைத்தானே செய்யிறேன். ஆமான்னு போடுங்க” என்றாள்.

இந்த ஊரில் எதற்கு முன்னாலும் ‘வீ’ என்று ஒரு சொல்லைப் போடுவார்கள். குட்டி என்று அர்த்தம். வீ ஊசி, வீ கையெழுத்து, வீ டீ. என் கண்ணுக்குள் கத்தி போவதற்கு முந்தின நிமிடம்கூட அந்த நர்ஸம்மா ‘ஒரு வீ வெட்டு’ என்றுதான் சொன்னார். சிரித்துவிட்டேன். தலையை ஆட்டாதே என்று டாக்டர் அதட்டினார்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. புரை என்பது கண்ணுக்கு முன்னால் யாரோ பழுப்புக் காகிதம் ஒட்டுவதுபோல. ஒட்டியதே தெரியாது, கிழித்தால்தான் தெரியும். குழாயடித் தொட்டி வெள்ளையாக இருந்தது. வானம், கிளாஸ்கோ வானம்தான், அதிலும் ஒரு மூலையில் நீலம் இருந்தது. “தனம், உனக்கு எப்போ இம்புட்டுச் சுருக்கம் விழுந்துச்சு?” என்று ஆச்சரியத்தில் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை அவள்.

அன்று அவள் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை. அந்த நிறத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முப்பது ஆண்டு தினமும் அந்த நிறத்துக்குள் கண்ணைப் புதைத்து உட்கார்ந்திருந்தவன் நான். படுக்கையறை அலமாரியில், குளிர்ச் சட்டைகளுக்கு அடியில், ஒரு மரப்பெட்டி கிடந்தது. அதற்குள் பன்னிரண்டு கண்ணாடி ஸ்லைடுகள், எல்லாம் அந்த நிறம். மதுரையிலிருந்து நான் திருடிக்கொண்டு வந்தவை.

2

என் தொழிலைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். எலி ரத்தத்தில் கிருமி எண்ணுவது.

அப்பா, செக்கானூரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு வேலை பார்த்தவர். நெல் அறுப்பு முடிந்ததும் வரப்பு வெட்டி எலி பிடிப்பார். மகன் படித்துப் பட்டம் வாங்கி மதுரையில் எலிக்கு மருந்து கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டு, “நான் கொன்னதுக்கெல்லாம் நீ வைத்தியம் பாக்குறியாக்கும்” என்றார். அதில் பெருமையும் இருந்தது, கேலியும் இருந்தது.

மலேரியாவுக்கு மருந்து என்று ஒரு வேரையோ தழையையோ நினைத்தால் நேராக மனிதனுக்குக் கொடுத்துப் பார்க்க முடியாது. எலிக்கென்றே ஒரு மலேரியா உண்டு. அதை வெள்ளைச் சுண்டெலிகளுக்கு ஏற்றி, பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். எது எந்த எலி என்று தெரிய வெள்ளை ரோமத்தில் மஞ்சள் மருந்தால் பொட்டு வைப்போம்: தலையில் ஒன்று, முதுகில் ஒன்று, வாலடியில் ஒன்று. கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல இருக்கும். தினமும் காலையில் வால் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம். அதைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்துப் பூசி, காயவைத்து, ‘ஸ்டெயின்’ என்று நாங்கள் சொல்லும் சாயம் ஏற்றிக் கழுவினால் எல்லாம் கத்தரிப்பூ நிறமாகும். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சிவப்பணுவும் அப்பளம் மாதிரி தெரியும். நோய் கண்ட அணுவுக்குள் நீல மோதிரம், அதில் சிவப்புக் கல். ஆயிரம் அப்பளத்தில் எத்தனையில் மோதிரம் இருக்கிறது என்று எண்ண வேண்டும். மருந்து வேலை செய்தால் மோதிரம் குறையும். அவ்வளவுதான் விஷயம்.

ஒருவர் எண்ணினால் போதாது. கண் ஆசைப்படும், வேண்டியதைப் பார்க்கும். அதனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை இருந்தது. ஸ்லைடின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய எலி எண்ணை மூன்றாம் ஆள் காகிதம் ஒட்டி மறைத்து, வேறு எண் போடுவார். இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். நோட்டில் இரண்டு கட்டம்: முதல் ஆள், இரண்டாம் ஆள். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஆள் காஜா மைதீன். இரண்டாம் ஆள் நான்.

3

காஜா கோரிப்பாளையத்துக்காரன். தர்காவுக்குப் பின்னால் வீடு. வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரன், எண்ணுவதில் அவனை அடிக்க ஆளில்லை. ஒரு ஸ்லைடுக்கு அரை மணி நேரம் எடுப்பான். அந்த நேரத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிரமாட்டான். நிமிர்ந்ததும், “மாப்ள, டீ” என்பான்.

எங்கள் பேராசிரியர் கண்டெடுத்த ஒரு வேரைச் சோதித்தோம். சோதனையின் ஏழாம் நாள், கடைசி நாள். பன்னிரண்டு ஸ்லைடு. ஆறு மருந்து கொடுத்தவை, ஆறு கொடுக்காதவை. அன்று மாலை உசிலம்பட்டியில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு ஆகியிருந்தது. அவசரத்தில் சாயத்தை வடிகட்டாமல் ஊற்றினேன், அதனால் ஸ்லைடுகளில் திட்டுத்திட்டாக அழுக்குப் படிந்தது. மூன்று ஸ்லைடு எண்ணினேன். நேரம் போய்விட்டது. மிச்ச ஒன்பதையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒட்டியிருந்த காகிதத்தின் வழியே பென்சில் எண் தெரிந்தது. இது மருந்து கொடுத்த எலி, இதற்குக் குறைவாக. இது கொடுக்காதது, இதற்கு அதிகமாக. முதலில் எண்ணிய மூன்றும் அதற்கு ஒத்துவராததால் அவற்றையும் அடித்துத் திருத்தினேன். கால் மணி நேரத்தில் பன்னிரண்டு கட்டமும் நிரம்பிவிட்டது. கையெழுத்துப் போட்டு பஸ்ஸைப் பிடித்தேன். பெண்ணைப் பிடித்துவிட்டது. அவள்தான் தனம்.

மறுநாள் பேராசிரியர் நோட்டைப் பார்த்தார். நல்ல மனிதர். அந்த வேர் அவர் ஆறு வருடம் தேடிக் கண்டுபிடித்தது. என் கட்டத்தில் அது அற்புதமாக வேலை செய்திருந்தது. காஜாவின் கட்டத்தில் தண்ணீருக்கும் வேருக்கும் வித்தியாசமே இல்லை.

“என்னப்பா காஜா, இம்புட்டு வித்தியாசம்?”

நான் முந்திக்கொண்டேன். “சார், ஸ்டெயின்ல அழுக்கு நிறைய இருக்கு. அவன் அதையும் சேத்து எண்ணியிருப்பான்.”

பேராசிரியர் ஒரு ஸ்லைடை வைத்து ஒரே ஓர் இடத்தைப் பார்த்தார். அழுக்கு இருந்தது. நான் வடிகட்டாத அழுக்கு. நிமிர்ந்து, “கண்ணை ஒருதடவை டெஸ்ட் பண்ணிக்கப்பா” என்றார், அன்பாகவே.

காஜா என்னைப் பார்த்தான். “அப்படியாடா? எனக்கு மோதிரமாத்தானே தெரிஞ்சுச்சு?”

“அழுக்கு மாப்ள” என்றேன்.

அவனை எண்ணும் வேலையிலிருந்து எடுத்துக் கூண்டு கழுவும் வேலைக்குப் போட்டார்கள். மூன்றாம் மாதம், ஆராய்ச்சிப் பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சிம்மக்கல்லில் அவன் மாமா வைத்திருந்த சாக்கு, கயிறு மொத்தக் கடைக்குப் போய்விட்டான். அந்தக் கணக்குகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. கட்டுரையைக் காட்டி எனக்குக் கிளாஸ்கோவிலிருந்து அழைப்பு வந்தது. எலிகளை ஏழாம் நாளே முடித்துவிட்டோம், ஆகவே சாட்சி என்று மிஞ்சியது அந்தப் பன்னிரண்டு ஸ்லைடுகள்தான். என்றைக்காவது யாராவது திரும்ப எண்ணிப் பார்த்தால்? கிளம்புகிற வாரம் ஸ்லைடுகளைப் பெட்டியோடும், கூடவே அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டேன்.

காஜா ரயில் நிலையம்வரை வந்து வழியனுப்பினான். பிரியாணிப் பொட்டலம் கொடுத்தான்.

4

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் குளிரைப் பற்றி எழுதுவார்கள். நான் கதவைப் பற்றி எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சாயங்காலம் கிளம்பும்போது நம் வழக்கப்படி ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதை அப்படியே அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வயதான ஆய்வாளர், நான் திரும்ப வருவேன் என்று கதவைப் பூட்டாமல் ஒரு மணி நேரம் காத்திருந்தாராம். மறுநாள் அவர் கோபிக்கவில்லை. “வருகிறேன் என்றாயே” என்று மட்டும் கேட்டார். இங்கே சொன்னால் சொன்னதுதான். அன்றுதான் முதல் தடவையாக ஒரே ஸ்லைடை இரண்டு முறை எண்ணினேன். எனக்கு மட்டும்தான் தெரியும் ஏன் என்று.

அந்தக் கூடத்தில் முப்பது வருடம் எண்ணினேன். ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு முறை. முதல் எண்ணிக்கையை எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே ஒரு சுற்று நடந்து வந்து, புதிதாக எண்ணுவேன். இளையவர்கள் கிண்டல் செய்தார்கள். இடையில் ஒரு கண் சிமிட்டலில் லட்சம் அணு எண்ணும் இயந்திரம் வந்தது. அதற்குப் பிறகு, ஒளி விடும் கிருமிகளே வந்துவிட்டன. எலியை இருட்டுப் பெட்டியில் வைத்தால் நோய் எங்கே எவ்வளவு என்று மின்மினி மாதிரி மின்னிக் காட்டும், ஒரு சொட்டு ரத்தமும் வேண்டாம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பொய் சொல்ல முடியாத எலி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், நிலா. எடின்பரோவில் கணிப்பொறி வேலை. அவளுடைய தமிழ் வருடத்துக்கு ஒரு முழம் சுருங்குகிறது. இப்போது மிச்சமிருப்பது சாப்பாட்டுப் பெயர்களும், போனை வைக்கும்போது சொல்லும் “சரிப்பா, வாரேன்”னும்தான். அதை மதுரைக்காரி மாதிரியே சொல்வாள். சொல்லிவிட்டு வரமாட்டாள்.

காஜா தொடர்பில் இருந்தான். அதுதான் கொடுமை. பெருநாளுக்கு வாழ்த்து, தீபாவளிக்கு வாழ்த்து, பேரன் பேத்தி படம். என்னைத் திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

5

கண் கட்டைப் பிரித்த வாரம் காஜா வீடியோவில் கூப்பிட்டான். எப்போதும்போல அவன் காது மட்டும் தெரிந்தது. போனைக் காதில் வைத்துப் பேசினால்தான் அவனுக்குப் பேசியதுபோல் இருக்கும்.

“மாப்ள, கண்ணு எப்படிடா இருக்கு?”

“எல்லாம் பளிச்சுன்னு இருக்குடா. தலை சுத்துது.”

“எனக்கும் போன மாசம் ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு. டாக்டரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘பாய், உங்க கண்ணு நரம்பு இருவது வயசுப் புள்ளைக்கு இருக்க மாதிரி இருக்கு’ன்னாரு. எனக்குச் சிரிப்பு. பாவம், அவருக்கு என் கதை தெரியாதுல்ல.”

“என்ன கதை?”

“அதான்டா, நம்ம கண்ணுதான் ஆரம்பத்துலேருந்தே கோளாறாச்சே. அன்னைக்கு சார் சொன்னாருல்ல. அதனாலதானே நான் இன்னைவரைக்கும் டூவீலர் தொட்டதில்ல. மெஹருதான் ஓட்டுறா. நான் பின்னாடி.”

மெஹர் அவன் மனைவி. தூரத்தில் அவள் குரல் கேட்டது: “அண்ணே, இவருக்கு ரோட்டைத் தாண்டவே என் கை வேணும். கண்ணுல கோளாறாம். ஆனா பிரியாணியில எலும்பு எது, கறி எதுன்னு மட்டும் ஒரு மைலுக்கு அங்கிட்டே தெரியும்.”

“நீ அப்போ டெஸ்ட் பண்ணலியாடா?” என்று கேட்டேன்.

“பண்ணேனே. கண்ணாடிக் கடையில சரியாத்தான் இருக்குன்னாங்க. ஆனா சாரு எம்புட்டுப் படிச்சவரு. நீயும் பாத்துச் சொன்ன. கடைக்காரனுக்குத் தெரியாத கோளாறு உள்ள ஏதோ இருக்குன்னு விட்டுட்டேன்.”

முப்பத்தெட்டு வருடம். அவனுக்கு ஒரு பட்டம் போயிற்று, ஒரு வேலை போயிற்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். தன் கண்ணையே நம்பாமல் ஒரு மனிதன் வாழ்ந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “மாப்ள, ஒரு விசயம்” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவன் பேத்தி போனைப் பிடுங்கித் தன் பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். நான் பல்லைப் பார்த்து வாழ்த்திவிட்டு வைத்துவிட்டேன்.

பெட்டியை எடுத்தேன். ஆய்வுக்கூடம் கழித்துக்கட்டிய பழைய மைக்ராஸ்கோப் ஒன்று என்னிடம் இருக்கிறது. சாயம் கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனால் மோதிரங்கள் அப்படியே இருந்தன. நான்கு நாள் எண்ணினேன், இரண்டிரண்டு முறை. முடித்ததும் தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள்தான் முதல் ஆள்.

பெட்டியை மூடி வைத்தாள். பிறகு, “ஏங்க, எங்க வீட்டு பஜ்ஜிக்கா அம்புட்டு அவசரம்?” என்றாள்.

“உன்னைப் பாக்கத்தான்…”

“என் தலையில போடாதீங்க. போயி அந்த அண்ணன்கிட்ட சொல்லுங்க. போன்ல வேணாம். நேர்ல.”

நிலாவிடமும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. “அப்பா, அந்த பேப்பரை வாபஸ் வாங்கணும்” என்றாள், தமிழில், யோசித்து யோசித்து. அதற்கும் ஒரு படிவம் இருந்தது. ‘காரணம்: தெரியாமல் நேர்ந்த பிழையா, தெரிந்தே செய்ததா?’ இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன். கட்டுரை எழுதிய எல்லாரின் ஒப்புதலும் வேண்டும் என்று ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. பேராசிரியர் காலமாகிவிட்டார் என்று எழுதினேன். அதற்குச் சான்று கேட்டிருக்கிறார்கள். அது நடந்துகொண்டிருக்கிறது.

6

தை மாதம் மதுரை விமான நிலையத்தில் இறங்கினேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார் சோதனை அதிகாரி. நம் பக்கத்து ஆள்.

“என்னண்ணே இது, கண்ணாடித் துண்டு?”

பொய் சொல்லி அலுத்துவிட்டது. “எலி ரத்தம்” என்றேன்.

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “எதுக்குண்ணே? யாருக்கும் செய்வினை கிய்வினையா?”

“இல்ல தம்பி. ஆராய்ச்சி. மலேரியாக் கிருமி.”

“கிருமியா! உள்ள இருக்கா?”

“இருக்கு. செத்து முப்பத்தெட்டு வருசமாச்சு. இந்த ஊர் எலிதான்.”

“எம்புட்டு இருக்கு?”

“அதை எண்ணத்தான் கொண்டு வந்திருக்கேன்.”

அவர் தன் பெரிய அதிகாரியைக் கூப்பிட்டார், அந்தப் பெரியவர் இன்னொரு பெரியவரைக் கூப்பிட்டார். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் ‘கொண்டுவருவதன் நோக்கம்’ என்று ஒரு கட்டம். ‘திருப்பிக் கொடுக்க’ என்று எழுதினேன். கடைசியாக வந்தவர் அதைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “எலிக்கா?” என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வெயில் அப்படி அடித்தது. என் புதுக் கண்ணில் பனைமரமெல்லாம் இப்போதுதான் வரைந்ததுபோல் நின்றது.

காஜா இப்போது ஆனையூரில் வீடு கட்டியிருக்கிறான். மெஹர் ஸ்கூட்டரில் வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பின்னால் காஜா, இரண்டு கையாலும் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி. அந்தக் காட்சியைப் பார்த்ததும் தயாரித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: உசிலம்பட்டி பஸ், ஜன்னல் வெளிச்சம், வடிகட்டாத சாயம், திருடிய பெட்டி. “உன் கண்ணுல ஒண்ணும் இல்லடா. நான் எண்ணவே இல்ல” என்றேன்.

காஜா வாசற்படியில் உட்கார்ந்தான். மெஹர்தான் கேட்டாள், மெதுவாக: “அப்ப இவரு கண்ணு?”

“நல்ல கண்ணு, தங்கச்சி. முதல்லேருந்தே.”

காஜாவின் முகம் சிவந்தது. எழுந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

“அடப்பாவி! அம்புட்டு வருசமாடா பின்னாடி உக்காந்து போனேன்? கடைப் பயலுகெல்லாம் ‘பாயம்மா வண்டியில பார்சல் வருது’ம்பானுக. ஏன்டா, என் பட்டம் போச்சு, போகட்டும். சாக்குக் கடையில நல்லாத்தான் இருந்தேன். மழையில, வெயில்ல, பின்னாடி உக்காந்து… பேரனுக்கு சைக்கிள் சொல்லிக் குடுக்கலடா நான்! விழுந்துருவோம்னு!”

மெஹர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டு காஜா கையை நீட்டினான். “பெட்டியைக் குடு.”

“நான் எண்ணிட்டேன் மாப்ள. நீ எழுதுனதுதான் சரி.”

“உன் எண்ணிக்கையை எவன்டா நம்புவான்? நான் எண்ணணும்.”

7

தெரு முனையில் ரத்தப் பரிசோதனை நிலையம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆள் வராது. அதை நடத்தும் பெண் காஜாவுக்குப் பழக்கம், மைக்ராஸ்கோப்பை எங்களிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். மெஹர்தான் மூன்றாம் ஆள். ஸ்லைடின் ஓரங்களில் விலைச்சீட்டு ஒட்டி மறைத்து, தன் மனம் போனபடி எண் போட்டாள். எந்த எண் எந்த எலி என்பதை ஒரு தாளில் எழுதி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். “ஜன்னல் பக்கம் போகக் கூடாது, அண்ணே” என்றாள் என்னைப் பார்த்து. சிரிக்கவில்லை.

காஜா குனிந்தான். திருகைத் திருப்பினான், நிறுத்தினான், திருப்பினான். பிறகு முதுகு அசையாமல் ஆயிற்று. எனக்குத் தெரிந்த முதுகு. வெளியே கோலமாவுக்காரன் கூவிக்கொண்டு போனான், ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றது, காஜா நிமிரவில்லை. அரை மணி கழித்து நிமிர்ந்தான். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

“மாப்ள, டீ” என்றான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அவன் எண்ணி முடித்த ஸ்லைடை நான் எண்ணினேன், முதுகைத் திருப்பிக்கொண்டு. மூன்றாவது ஞாயிறு மெஹர் தாளைப் பிரித்து, இரண்டு பேர் கணக்கையும் வரிசையாக வாசித்தாள். பிறகு என் பழைய நோட்டிலிருந்து அந்தக் காலத்துக் காஜாவின் கணக்கை. ஒன்றிரண்டு முன்னே பின்னே. அவ்வளவுதான். வேர் ஒன்றுமே செய்யவில்லை. காஜா சரியாகப் பார்த்திருந்தான்.

“அழுக்கு இருக்குடா” என்றான் காஜா நிதானமாக. “எல்லா ஸ்லைடுலயும் இருக்கு. ஆனா அழுக்கு வேற, மோதிரம் வேற. அழுக்கு அணுவுக்கு மேல நிக்கும். மோதிரம் உள்ள இருக்கும். அன்னைக்கே தெரியும் எனக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “தெரிஞ்சும் உன்னை நம்புனேன் பாரு” என்றான்.

நான் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினேன்.

மெஹரிடம் திரும்பினான். “சாவியைக் குடு.”

“எதுக்கு?”

“குடுடீ.”

“லைசென்ஸ் இல்லாம ரோட்டுக்குப் போனீங்க, காலை ஒடிப்பேன்.”

வீட்டுக்குப் பின்னால், இன்னும் யாரும் கட்டாத மனைகள் வரிசையாகக் கிடக்கின்றன. வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போனோம். காஜா ஏறி உட்கார்ந்தான். நான் ஒதுங்கி நின்றேன்.

“எங்கடா நிக்கிற? ஏறு. பின்னாடி.”

“மாப்ள, எனக்குப் புதுக் கண்ணுடா…”

“தண்டனைடா இது. ஏறு.”

ஏறினேன். வண்டி குதித்தது. இரண்டு பக்கமும் அவன் கால்கள் தரையை உதைத்துக்கொண்டே வந்தன. மெஹர் பக்கத்தில் ஓடி வந்தாள், “பிரேக்கு! பிரேக்கு!” என்று. காஜா தொண்டை கிழியக் கத்தினான்: “அந்தா கல்லு! அந்தா கோழி! அந்தா முள்ளு! பாத்தியாடா, எல்லாம் தெரியுதுடா! அந்தா குழி!” குழி என்று கத்திவிட்டுக் குழிக்குள்ளேயே விட்டான். நான் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவன் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பினேன். வாழ்க்கையில் அப்படிச் சிரித்ததில்லை.

8

இன்று காலை காஜாவிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. வயதானவர்கள் ஓட்டுநர் உரிமம் வாங்க டாக்டர் சான்று வேண்டும். முதல் படம் அது. ‘பார்வை: குறை இல்லை.’ டாக்டர் கையெழுத்து. நகல் எடுத்து, அந்தக் கையெழுத்துக்குக் கீழே பென்சிலால் இரண்டு கட்டம் போட்டிருந்தான், எங்கள் பழைய நோட்டில் இருந்ததுபோலவே. முதல் ஆள் கட்டத்தில் அவன் கையெழுத்து. இரண்டாம் ஆள் கட்டம் காலி.

இரண்டாவது, உரிமத் தேர்வுக்காக அவன் எட்டுப் போட்டுப் பழகும் வீடியோ. மெஹர் எடுத்தது. ஓரத்தில் அவள் விரல் தெரிகிறது. பச்சைச் சட்டை போட்ட ஓர் அறுபத்தாறு வயதுக்காரன், நாக்கைத் துருத்திக்கொண்டு, மெல்ல மெல்ல வளைகிறான்.

இரண்டு முறை பார்த்தேன், நடுவில் வெளியே ஒரு சுற்று நடந்து வந்து. பிறகு அந்த நகலை அச்செடுத்து, இரண்டாம் ஆள் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில், பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன்: ‘எட்டு: முழுமை. கால் ஊன்றியது: ஒருமுறை, இரண்டாவது வளைவில்.’ படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

“அது காலு இல்லடா மாப்ள. ஸ்டெயின் அழுக்கு.”